சொல்லாமல் விட்டதற்கு என்ன ஆங்கிலம்

அந்தக் கடிதத்தை நான் முதலில் மனதுக்குள் படித்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் வகுப்பில் வாய்விட்டுப் படித்த பழக்கம் எனக்கு. யார் எந்த ஆங்கிலக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிய கையோடு படித்து, படிக்கப் படிக்கத் தமிழில் சொல்லிவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டேன்.

தக்கலையில் பத்மநாபபுரத்துக்குத் திரும்புகிற சாலையில், ஒரு பேக்கரிக்கும் ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்கும் நடுவில் எங்கள் கடை. நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். நான் ஆங்கில டீச்சராக இருந்து, தொண்டை கெட்டுப்போய் வேலையை விட்டவள். அவர் வளைகுடாவில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு வந்தவர். நான் எழுதுவேன், அவர் டைப் செய்வார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பது, தூதரகங்களுக்குக் கடிதம் எழுதுவது, படிவம் நிரப்புவது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில், சந்தையில் மீன் விற்கிற அக்கா தன் கணவருடன் கடைக்கு வந்தார். வருடக்கணக்கில் நான் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். மண்டைக்காட்டை ஒட்டிய கடற்கரை ஊர் அவர்களுக்கு. ஒரே மகள், நர்ஸ். ஏதோ ஒரு குளிர் நாட்டில் வேலை பார்க்கிறாள், அங்கேயே கல்யாணமும் ஆகி, அப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு இரண்டு பேரும் போய் இருக்க வேண்டும் என்று விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அந்தக் கதையெல்லாம் அயலையும் சாளையும் வாங்குகிற இடைவெளியில் எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

அக்கா ஒரு கவரை என் மேசையில் வைத்தார். கை கழுவி, நல்ல சேலை உடுத்தி, கழுத்தில் ஜெபமாலையோடு வந்திருந்தார். அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பின்னால் நின்றார். அதிகம் பேசாத மனிதர். உயரமானவர், எங்கள் கடை வாசலில் குனிந்துதான் வர வேண்டும்.

“வந்தாச்சு டீச்சர். என்னவாக்கும் எழுதியிருக்கு? கிடைச்சாச்சா?”

நான் கடிதத்தைப் பிரித்தேன். முதல் வரியிலேயே இல்லை என்று தெரிந்துவிட்டது.

“இல்லக்கா. இப்போ தர முடியாதாம். நீங்க ஒரு விஷயத்த மறைச்சிட்டீங்கன்னு எழுதியிருக்கு.”

“மறைச்சோமா?” அக்காவின் குரல் சந்தைக் குரலாக உயர்ந்தது. “நாங்க என்னத்த மறைச்சோம்? வீட்டுப் பத்திரம் குடுத்தாச்சு, பேங்கு புக்கு குடுத்தாச்சு, கோயில்ல தாலி கெட்டின சர்ட்டிபிக்கெட்டும் குடுத்தாச்சு. இனி நெஞ்சக் கீறிக் காட்டணுமா?”

நான் அடுத்த வரிக்குப் போயிருந்தேன். அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“அண்ணன வளைகுடாவுல ஒரு நாட்டுல இருந்து பிடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்களாம். அப்பிடி எப்பவாவது நடந்திருக்கான்னு படிவத்துல கேட்டதுக்கு இல்லன்னு பதில் குடுத்திருக்கீங்களாம்.”

அக்கா சிரித்தார். “அது வேற ஆருக்கோ உள்ள கடுதாசியாக்கும் டீச்சர். மாத்தி அனுப்பிப் போட்டானுவ. இவரு அஞ்சு வருஷம் அங்க வேல செஞ்சாரு, காண்டிராக்டு முடிஞ்சு வந்தாரு. பெட்டி நிறைய சாமானும்…”

சொல்லிக்கொண்டே திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் கவரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா?”

“ஆமாட்டி” என்றார் அவர்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். பேக்கரி முன்னால், ரொட்டி இறக்குகிற வண்டிக்குப் பக்கத்தில், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  ஒரு மனிதர் பதினாறு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அரை நிமிடத்தில், அதுவும் மொழிபெயர்த்து, அவருடைய மனைவியிடம் கொடுத்திருக்கிறேன்.

“மன்னிச்சிருங்க அண்ணே. படிச்சுட்டுச் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“நீங்க என்ன செய்வீங்க டீச்சர். எழுதினதத்தானே படிச்சீங்க.”

என் வீட்டுக்காரர் தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார். அதில் உட்கார்ந்துதான் அண்ணன் சொன்னார். எங்களிடம் சொல்வது போல ஆரம்பித்தார். போகப் போக, வாசலில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்றே சற்று உரக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அங்கே ஒரு முதலாளியின் படகில் ஐந்து பேர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மீன் கூட்டத்தின் பின்னால் போய்ப் பக்கத்து நாட்டுக் கடலுக்குள் நுழைந்துவிட்டார்கள். கடலில் கோடா போட்டு வைத்திருக்கிறது? காவல் படகு வந்து பிடித்தது. இருபத்து மூன்று நாள் ஜெயில். தலையை மொட்டையடித்துவிட்டார்கள். பிறகு முதலாளியிடம் இருந்து பாஸ்போர்ட்டுகளை வரவழைத்து, ஐந்து பேரையும் விமானத்தில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அந்த வருஷமாக்கும் இவளுக்க தம்பி கடலுக்குப் பெய்ட்டு வராம இருந்தது. ஆளையும் கிடைக்கல, வள்ளத்தையும் கிடைக்கல. இவ சோறு தின்னாம கரையில போயி இருப்பா. பிள்ளைக்கு அப்பம் ஒம்பது வயசு. அந்த நேரத்துல நானும் போயி, என்னையும் கடல்ல பிடிச்சு ஜெயில்ல போட்டானுவன்னு சொல்லவா டீச்சர்? சொன்னா இவ எனக்க கூட இருந்திருப்பா, ஆனா பேடிச்சுப் பேடிச்சே செத்திருப்பா.”

அதனால் விமான நிலையத்தில் இறங்கியவர் ஊருக்குப் போகவில்லை. குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிற பழைய கூட்டாளி ஒருவனின் வீட்டில் மூன்று வாரம் இருந்தார். தலையில் கொஞ்சம் முடி முளைத்தது. பிறகு மார்த்தாண்டத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைக்குப் போய், சோப்பும் பவுடரும் மகளுக்கு மிட்டாயும் வாங்கி, ஒரு பெரிய பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார். காண்டிராக்ட் முடிந்துவிட்டது என்று சொன்னார்.

“பிறவு சொல்லலாம், பிறவு சொல்லலாம்னு வச்சிருந்தேன். அப்பிடியே வருஷம் போயாச்சு.”

வாசலில் இருந்து குரல் வந்தது. “அந்தப் பவுடரு மார்த்தாண்டத்துல வாங்கினதா?”

“ஆமா.”

“நான் ஊரு முழுக்க ஃபாரின் பவுடருன்னு குடுத்தேனே!”

“ஃபாரின் பவுடருதாம்ட்டி. வாங்கினதுதான் இஞ்ச.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா உள்ளே வந்தார். முகம் கழுவியிருந்தார், முன்முடி நனைந்திருந்தது. கணவரைப் பார்க்காமல் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எழுதுங்க டீச்சர். பிள்ளைக்கு நாள் நெருங்குது. என்ன எழுதணுமோ எழுதுங்க.”

அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. விண்ணப்பத்தை நிரப்பியது நாகர்கோவிலில் ஒரு ஏஜெண்ட். அன்றைக்கு அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். அக்காதான் தனியாகப் போய் உட்கார்ந்து, அவன் கேட்கக் கேட்கப் பதில் சொல்லியிருக்கிறார்.

“எந்த நாட்டுல இருந்தாவது பிடிச்சு அனுப்பியிருக்கான்னு கேட்டான். எனக்க மாப்பிளய ஒருத்தனும் பிடிக்கலன்னு நல்ல நெஞ்ச நிமித்திச் சொன்னேன். அவனும் கம்ப்யூட்டருல இல்லன்னு அமுக்கிட்டான்.”

ஆக, விண்ணப்பத்தில் இருந்த ‘இல்லை’ பொய் இல்லை. அதைச் சொன்னவருக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாததற்குக் காரணம் அவருடைய கணவர் சொல்லாதது. இந்த இரண்டையும் ஒரு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் புரியவைக்க வேண்டும். அவர்களுடைய கடிதத்தில் இருந்த சொல் ‘கன்சீல்’. பதில் கடிதத்தில் அந்தச் சொல்லின் இடத்தில் நான் எதை வைக்கப்போகிறேன் என்பதுதான் கேள்வி.

என் வீட்டுக்காரர் அகராதியைத் திறந்தார். அவருக்குப் பெரிய சொற்கள்மேல் ஒரு பிரியம். “‘சப்ரெஸ்’னு போடலாமா? கம்பீரமா இருக்கும்.”

“அது போலீசும் கோர்ட்டும் சொல்லுக வார்த்தை. நாமளே நம்மள பிடிச்சுக் குடுக்கதாட்டு இருக்கும்.”

“‘ஒமிட்’?”

“அது விட்டுப்போச்சுன்னு அர்த்தம். பட்டியல்ல மல்லி எழுத மறந்த மாதிரி. ஜெயில் மறந்து போகுமா?”

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “இங்கிலீசுல மறைக்கதுக்கு எத்தன வார்த்த இருக்கு டீச்சர்?”

“நிறைய இருக்குக்கா. ‘ஹைட்’னா ஒளிச்சு வைக்கது. பிள்ளைங்க கதவுக்குப் பின்னால ஒளியுமே, அதுக்கும் அதுதான். திருட்டு நகைய ஒளிச்சு வைக்கதுக்கும் அதுதான். ‘கன்சீல்’னா கொஞ்சம் காகிதத்துல எழுதுக வார்த்தை. ஒருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னு யோசிச்சு, திட்டம் போட்டு மறைக்கது. ‘வித்ஹோல்ட்’னா ஒருத்தர் கேட்டும் குடுக்காம கையிலயே வச்சிருக்கது. ‘கவர்’னா மேல மூடுகது.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். “எங்க சோலியில சொன்னா எனக்கு மனசிலாவும். பழைய மீன ஐசுக்கு அடியில வச்சு, மேல நாலு புது மீனப் போட்டு விப்பாளுவ. அது எதுல வரும்?”

“அது ‘கன்சீல்’.”

“செரி. மழ பெய்யும்போ மீனுக்கு மேல சாக்கு எடுத்துப் போடுவோம். மீனு நாசமாவாம இருக்கதுக்கு. அதுவும் மறைக்கதுதானே? அது எது?”

“அது ‘கவர்’.”

“அப்பம் இவரு செஞ்சது ஐசா, சாக்கா?”

பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா கணவரை அப்போதுதான் நேராகப் பார்த்தார். “சாக்குன்னே எழுதுங்க டீச்சர். எனக்க கோபம் எனக்கிட்ட இருக்கட்டும். வெள்ளக்காரனுக்கு முன்னால இவர கள்ளன்னு எழுதாண்டாம்.”

ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் தன் மனைவியிடம் ஒரு செய்தியைக் ‘கவர்’ செய்தார் என்று எழுத முடியாது, குழம்பிப் போகும். ‘ஹைட்’ என்று எழுதினால் அக்கா விரும்பாத கள்ளன் வந்துவிடுவான். நான் இரண்டு மூன்று வாக்கியம் எழுதி அடித்தேன். பிறகு நினைவுக்கு வந்தது, ஆங்கிலேயர்கள் வீட்டுக்குள் பேசுகிற ஒரு சாதாரணச் சொல். ‘கெப்ட் ஃப்ரம்’.

“இது என்னது?” என்றார் அக்கா.

“ஒரு விஷயம் ஒருத்தர்கிட்ட போய்ச் சேராம, நடுவுல நின்னு தடுத்து வைக்கது. தள்ளி நிறுத்தினது கெடுதலுக்கா நல்லதுக்கான்னு அந்த வார்த்தை சொல்லாது. நாம அடுத்த வரியில சொல்லிக்கலாம். அவளுக்குப் பயம் வரக்கூடாதுன்னு செஞ்சேன், அப்பிடின்னு.”

“அடுப்புக்கிட்ட போற பிள்ளைய தள்ளி நிறுத்துகோம்லா, அது போலயா?”

“அதேதான்.”

“அதுக்குத்தாண்டி நானும்…” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“நீங்க பேசாண்டாம்.”



இதற்குள் என் வீட்டுக்காரர் விண்ணப்பத்தோடு போயிருந்த நகல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழைய பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் அதில் இருந்தன. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். வளைகுடாவில் இருந்த காலத்தில் அவர் அரபி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார்.

“இஞ்ச பாரு. இது சாதாரண எக்சிட் முத்திரை இல்ல.”

நீலமாக, பாதி அழிந்து, ஒரு சதுர முத்திரை. அவர் எழுத்தெழுத்தாகப் படித்து, ஒரு தரம் போனில் தேடிச் சரிபார்த்து, பிறகு சொன்னார். நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர், திரும்ப வர அனுமதி இல்லை, என்றிருந்தது.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். “அதுவா? அது விமானத்துல ஏறுகதுக்கு அடிச்ச சீலுன்னுல்லா நெனச்சேன்!”

“இது இத்தன வருஷமும் எனக்க பீரோவுலதான் இருந்து” என்றார் அக்கா. “கல்யாணச் சேலைக்கு அடியில. நான்தான் எடுத்து ஏஜெண்டு கையில குடுத்தேன்.”

எங்கள் கடிதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஒன்றை மறைக்க நினைக்கிறவன் அது அச்சடித்திருக்கிற பக்கத்தைத் தன் கையால் நகல் எடுத்து அனுப்புவானா? அண்ணன் சொல்வதாகவே நான் வேகமாக எழுதினேன். இந்த முத்திரையின் பொருள் எனக்குத் தெரியாது. இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை. இதை உங்களுக்கு அனுப்பியதே நாங்கள்தான். நடந்ததை என் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்போது அவள் தன் தம்பியைக் கடலில் இழந்திருந்தாள், அவள் மேலும் பயப்படக்கூடாது என்று நினைத்தேன். படிவத்தில் அவள் சொன்ன பதில் அவளுக்குத் தெரிந்த உண்மை. தவறு என்னுடையது, அவளுடையது அல்ல.

ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு அண்ணன் தலையாட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், பெரிய பாரத்தை இறக்கிய மாதிரி மூச்சுவிட்டார்.

“இனி எனக்கிட்ட சொல்லாதது ஒண்ணும் இல்ல. எல்லாம் சொல்லியாச்சு.”

அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்.

“எனக்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றார்.

பேனா காகிதத்தின் மேல் நின்றது.

“நீங்க அன்னைக்கு வந்தப்போ மெலிஞ்சு, தலையில அரை இஞ்சு முடியோட வந்தீங்க. காச்சலுக்கு வெட்டினேன்னு சொன்னீங்க. எனக்கு நம்பிக்க வரல. பெரிய சீக்கு எதையோ வச்சிட்டு எனக்கிட்ட சொல்லாம இருக்காருன்னு நெனச்சேன். மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். இவரு ஆயுசோட இருந்தா நான் இனி நெய்மீன் தின்னமாட்டேன்னு.”

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். “தின்னா வாய் சொறியும்னுல்லா சொன்னே?”

“கடக்கரையில பெறந்தவளுக்கு எந்த மீனாவது சொறியுமா? அது பொய்யான்னு கேக்கத்தான் ஆளு இல்லாம இருந்துது.”

“நல்ல துண்டாப் பாத்து உனக்குன்னு எடுத்துட்டு வருவேனே. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு எடுத்துப் போடுவியே.”

“பின்ன என்ன செய்ய? நேர்ச்சய வெளிய சொன்னா பலிக்காதுன்னு இருந்துட்டேன்.”

அக்காவுக்கு உலகத்திலேயே பிடித்த மீன் அதுதான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது. பதினாறு வருடம் அதைக் கழுவி, வெட்டி, விற்று, குழம்பு வைத்து, ஒரு துண்டும் வாயில் வைக்காமல் இருந்திருக்கிறார், இல்லாத ஒரு நோய்க்காக. அண்ணன் குனிந்து கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது. அவருடைய தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அவருடைய முதுகில் ஒரு அடி வைத்தார். லேசான அடி இல்லை, நல்ல அடி. பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் பிரிண்டரில் ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொண்டோம்.

அந்த வாரமே அக்கா பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஆள் ஆயுசோடு இருக்கிறாரே, நேர்ச்சை நிறைவேறிவிட்டது, போய்ச் சாப்பிடு என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சந்தையில் நான் கேட்டேன், எப்படி இருந்தது என்று. அக்கா முகத்தைச் சுளித்தார். “இதுக்கா இத்தன வருஷம் கெடந்து ஏங்கினேன்னு இருக்கு டீச்சர். சாளைதான் கொள்ளாம், அதுக்க ருசி இதுக்கு இல்ல.”

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயா குடித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு காரியம் சொல்லணும்” என்றார். “கோபப்படாத.”

வளைகுடாவில் அவருக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது இரண்டாவது வருடம்தான். முதல் வருடம் முழுவதும் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் கார் கழுவினார். காலை நான்கு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் வெயிலில் ஒரு தடவை. கல்யாணம் ஆகி மூன்று மாதத்தில் போனவர். படித்த பெண்ணைக் கட்டிவிட்டு, கார் கழுவுகிறேன் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த முதல் வருடத்துக் கடிதங்கள் எனக்கு மனப்பாடம். “ஏசி குளிருல வெரல் மரத்துப்போகுதுன்னு எழுதினீங்களே! நான் அம்மாகிட்ட சொல்லி ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேனே!”

“ஏசி இருந்துது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.”

“ஸ்வெட்டர் என்னாச்சு?”

“காருக்குக் கண்ணாடி தொடைக்க ரொம்ப நல்லா இருந்துது.”

மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. காலையில் அக்காவின் இடத்தில் இருந்து அவ்வளவு தெளிவாகப் பார்த்தவளுக்கு, மாலையில் தன் இடத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. கார் கழுவியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வெயிலில் அவர் நின்ற வருடத்தில், நான் இங்கே தோழிகளிடம் ஏசி அறைக் கதை சொல்லிக்கொண்டு இருந்தேனே, அதுதான் உறுத்தியது. நாலாம் நாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில், அந்தக் கட்டடம் எப்படி இருக்கும், எத்தனை கார், யார் கூட வேலை செய்தார்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு கிழவர் தினமும் பேரீச்சம்பழம் கொடுப்பாராம். ஒரு வெள்ளைக் காரின் சொந்தக்காரி இவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். இத்தனை வருடம் கழித்து என் கணவரின் இருபத்தெட்டாவது வயது எனக்குக் கிடைத்தது. இப்போதும் சிலநாள் புதிதாக ஏதாவது சொல்வார்.

கடிதத்துக்குப் பதில் உடனே வரவில்லை. மகளுக்குப் பிரசவம் ஆனது, பெண் குழந்தை. அக்கா போனில் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு சந்தையில் எல்லோருக்கும் காட்டினார். அதற்கும் பிறகு ஒன்றரை மாதம் கழித்து இரண்டு பேருக்கும் விசா வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை, கொடுத்தோம் என்று மட்டும் இருந்தது. நாங்கள் எழுதிய எந்தச் சொல் வேலை செய்தது, அல்லது எதுவுமே இல்லாமல் அந்த முத்திரைதான் வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அங்கே போய் இறங்கியதும் ஒரு அட்டை நிரப்ப வேண்டும், என்னென்ன சாப்பாட்டுச் சாமான் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்பார்கள், அதை இப்போதே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள், பார்த்து எழுதிக்கொள்கிறோம் என்றார் அண்ணன். அவரே முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

“முந்திரிக்கொத்து. எழுதுங்க. மாங்கா ஊறுகா, ரெண்டு குப்பி. பிள்ளைக்குத் தேய்க்க தேங்காப்பால் காச்சி எடுத்த வெந்த வெளிச்செண்ண. மொளவுப் பொடி. அச்சப்பம். நெத்தோலிக் கருவாடு ஒரு கிலோ…”

“கருவாட்ட ஒருவேள எடுத்துருவாங்க அண்ணே.”

“எடுத்தா எடுக்கட்டும். எழுதுங்க.”

“சேலைக்கு உள்ள சுருட்டி வச்சா ஆருக்குத் தெரியும்?” என்றார் அக்கா.

“ஏட்டி, இனியும் நான் கடுதாசி வாங்கணுமா?” என்றார் அண்ணன். “எழுதுங்க டீச்சர். மணத்துக்கு இங்கிலீசுல என்ன வார்த்தையோ அதையும் சேத்து எழுதுங்க.”

நான் எல்லாவற்றையும் எழுதினேன். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனது. என் வீட்டுக்காரர் அதை அழகாக டைப் செய்து, வரிசை எண் போட்டு, இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தார்.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் அக்கா போன் செய்தார். கருவாட்டை எடுத்துவிட்டார்களாம். ஆனால் தாளைப் படித்துப் பார்த்த அதிகாரி, இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்று சொல்லி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டாராம். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “எண்ண தேய்க்க நேரமாச்சு டீச்சர், வைக்கேன்” என்று அக்கா போனை வைத்தார்.